ட்ரோன் வாங்கி 3 மாசம் ஆச்சு, ஷாட் எல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது, கை எப்படி பழக்குறது?

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம் மக்களே. எனக்கு ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். போன கார்த்திகைல ஒரு டிஜேஐ மினி 2 செகண்ட் ஹேண்டுல வாங்குனேன், கூட 2 பேட்டரி. இதுவரைக்கும் ஒரு 40 தடவ பறக்க விட்டுருப்பேன். கீழ விழல, ஆனா எடுத்த வீடியோவ வீட்ல டிவில போட்டு பாத்தா மனசு விட்டுப் போகுது.

என்ன ஆகுதுன்னா, முன்னாடி போக ஸ்டிக்க தள்ளுதேன், டபக்குன்னு கெளம்புது, விட்டா டபக்குன்னு நிக்குது, ரெண்டு எடத்துலயும் படம் குலுங்குது. திருப்புனா அத விட மோசம், தல சுத்துற மாதிரி இருக்கு. அப்புறம் ட்ரோன் மூஞ்சி என்னய பாத்து இருக்கும்போது இடது வலது எல்லாம் குழம்பிருது, போன வாரம் அப்படித்தான் இடது பக்கம் போகணும்னு நெனச்சு வலது பக்கம் தள்ளி ஒரு பனை மட்டைல உரசப் பாத்துச்சு, அன்னைக்கு கை நடுங்குனது ராத்திரி வரைக்கும் நிக்கல. இன்னொன்னு, சூரியன் பக்கம் திரும்புனா படம் இருட்டாவும் மறுபடி வெளிச்சமாவும் நடுவுலயே மாறிக்கிட்டே இருக்கு. மேல 100 மீட்டர்ல இருந்து எடுத்தா ஊரே தெரியுது ஆனா கூகுள் மேப் பாக்குற மாதிரிதான் இருக்கு, உயிரே இல்ல.

இப்ப அவசரம் என்னன்னா, இன்னும் 3, 4 வாரத்துல எங்க வயல்ல பிசான பருவ நெல் அறுப்பு. எங்க தாத்தா 50 வருஷத்துக்கு மேல அந்த வயல்ல கெடந்தவரு, இப்ப முட்டி ரெண்டும் முடியல, வரப்புல நடந்து ஒரு வருஷம் ஆச்சு. அவருக்கு அறுப்ப மேல இருந்து எடுத்து காட்டணும்னுதான் இந்த ட்ரோனே வாங்குனேன். அதுக்கப்புறம் பங்குனில கோயில் தேர் வேற இருக்கு, அதையும் எடுக்க சொல்லி பயலுவ கேக்கானுவ.

யூடியூப்ல பாத்தா எல்லாரும் செட்டிங்க்ஸ் மட்டும்தான் சொல்றாங்க. கை பழகுறதுக்கு தினமும் என்ன செய்யணும்னு யாராவது சொல்லுங்க அண்ணே.


கல்யாணகேமரா_மதுரை எழுதியது:

தம்பி, நீ கேட்டதுதான் சரியான கேள்வி. செட்டிங்க்ஸ் அரை மணி நேரத்துல படிச்சுரலாம், கட்டவிரல் பழகத்தான் மாசக்கணக்குல ஆகும். நான் 6 வருஷமா கல்யாணத்துக்கு பறக்க விடுறேன், ஆரம்பத்துல எனக்கும் இதேதான்.

மொதல்ல ஸ்டிக்க எப்படி புடிக்கிறன்னு பாரு. வெறும் கட்டவிரல மேல வச்சு தள்ளுறவங்களுக்கு ஆரம்பமும் முடிவும் எப்பவும் குலுங்கும். கட்டவிரலும் ஆள்காட்டி விரலும் சேத்து கோலப்பொடி எடுக்குற மாதிரி ஸ்டிக்க கிள்ளிப் புடி. ரிமோட்ட கழுத்து வார்ல தொங்க விட்டாலும் சரி, வயித்துல ஊனிக்கிட்டாலும் சரி. இப்படி புடிச்சா மில்லிமீட்டர் கணக்குல தள்ள முடியும். தள்ளும்போது மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே மெதுவா தள்ளு, விடும்போதும் அதே மூணு எண்ணி விடு, ஸ்டிக் தானா நடுவுக்கு துள்ளுற மாதிரி விடவே கூடாது. உன் படம் குலுங்குறதுக்கு முக்கால்வாசி காரணம் நீ விடுற விதம்தான்னு நெனைக்கிறேன்.

ரிமோட்ல மேல ஒரு சுவிட்ச் இருக்குல்ல, அத சினி மோடுல போடு. நார்மல்ல மினி 2 செகண்டுக்கு 10 மீட்டர் போகும், சினில 6 மீட்டர்தான், திரும்புறதும் சாந்தமா திரும்பும். ஒரு எச்சரிக்கை, சினில ஸ்டிக்க விட்டதும் உடனே நிக்காது, வழுக்கிக்கிட்டு போய்த்தான் நிக்கும், அதனால மரத்துக்கு முன்னாடி எப்பவும் எடம் விட்டு வை. மினி 2-வுக்கு முன்னாடி பின்னாடி சென்சார் எதுவும் கெடையாது, கீழ மட்டும்தான்.

இப்ப பயிற்சி. உங்க ஊர்ல நெல்லு காயப்போடுற சிமெண்டு களம் இருக்கும்ல, அங்க காலைல போ. நாலு சிரட்டைய 10 மீட்டர் சதுரமா வை. ட்ரோன தல உயரத்துக்கு கொஞ்சம் மேல நிறுத்தி, ஒரு சிரட்டைல இருந்து அடுத்த சிரட்டைக்கு ஓட்டு, ஒவ்வொண்ணு மேலயும் 3 செகண்ட் நிறுத்து. மொத நாலு நாள் மூஞ்சி முன்னாடி பாத்தே இருக்கட்டும், திருப்பாத. அதுக்கப்புறம் ஒவ்வொரு மூலைலயும் போற திசைக்கு திருப்பி திருப்பி சுத்து. அடுத்து ரெண்டு சிரட்டைய சுத்தி எட்டு போடு, நிக்காம. டூவீலர் லைசென்ஸ்க்கு எட்டு போட்டேல்ல, அதே எட்டுதான், ஆனா வேகம் மாறாம போடணும். அது ஒழுங்கா வந்துருச்சுன்னா ரெண்டு கையும் ஒண்ணா பேச ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம்.

மூஞ்சி உன்னய பாத்து இருக்கும்போது குழப்பம் வராம இருக்க ஒரு வழி சொல்றேன், இத மட்டும் மறக்காத. ட்ரோன் உன் கண்ணுக்கு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே வலது ஸ்டிக்க தள்ளு, நின்னுரும். இடது பக்கம் ஓடுதா, இடது பக்கம் தள்ளு. யோசிக்க நேரமே வேணாம். பதறிட்டா ரெண்டு ஸ்டிக்கையும் விட்டுட்டு கைய எடுத்துரு, ஜிபிஎஸ் புடிச்சு அது பாட்டுக்கு நிக்கும்.

ஒரு பேட்டரிய பயிற்சிக்குன்னே ஒதுக்கிரு. அதுல ரெக்கார்டே போடாத. ரெக்கார்ட் ஓடுதுன்னாலே மனசு படத்துக்கு போயிரும், கை பழகாது.


சர்வேஅக்கா_கோவை எழுதியது:

பயிற்சி பத்தி மதுரை அண்ணன் சொன்னத அப்படியே செய்ங்க. நான் நில சர்வேக்கு ட்ரோன் ஓட்டுறேங்க, எனக்கு படம் அழகா வரணும்ங்கறத விட ட்ரோன் பத்திரமா திரும்பி வரணும்ங்கறதுதான் மொத கவலை, அதனால அந்தப் பக்கம் இருந்து சொல்றேன். 2022 பிப்ரவரில இருந்து முழு ட்ரோனா வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்றதுக்கு தடை இருக்குங்க, உங்களுது போச்சுன்னா அதே மாதிரி இன்னொன்னு தேடறது செரமம்.

ட்ரோன் தானா திரும்பி வர்ற ரிட்டர்ன் டு ஹோம் உயரம் எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு இன்னைக்கே பாருங்க. சிக்னல் போனாலும் பேட்டரி கொறஞ்சாலும் அது அந்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டுல வீட்டுக்கு வரும், நடுவுல தென்னை இருக்குதா பனை இருக்குதான்னு உங்க மாடலுக்கு தெரியாது. அக்கம்பக்கத்துல இருக்கறதுலயே உயரமான மரத்த விட 15, 20 மீட்டர் கூட்டி வைங்க. கெளம்பறப்ப ஹோம் பாயிண்ட், அதாவது அது திரும்பி வர வேண்டிய எடம், பதிஞ்சுருச்சுன்னு ஆப் சொல்ற வரைக்கும் தல உயரத்துலயே நிறுத்துங்க, தாண்டிப் போகாதீங்க.

கம்பி. இது நம்ம ஊர் வயல்ல பெரிய எமன்ங்க. பம்புசெட்டுக்கு போற கரண்டு கம்பி போன் ஸ்கிரீன்ல தெரியவே தெரியாது, கம்பிய தேடாதீங்க, கம்பத்த தேடுங்க. ரெண்டு கம்பம் தெரிஞ்சா நடுவுல கம்பி இருக்குதுன்னே வச்சுக்கோங்க. பறக்க விடறதுக்கு முந்தின நாள் அந்த வயல ஒரு சுத்து நடந்து, எங்க கம்பம், எங்க பனை, எங்க கம்பத்த இழுத்துக் கட்டுன ஸ்டே கம்பின்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சுருங்க. நான் இத்தன வருஷம் ஓட்டியும் இன்னைக்கும் வரையறேன்.

காத்து பத்தி ஒண்ணு. தரைல இலை ஆடலைன்னா மேல காத்து இல்லைன்னு அர்த்தம் கெடையாதுங்க. 60 மீட்டர் மேல போனா கதையே வேற. எப்பவும் காத்துக்கு எதிரா மொதல்ல போங்க, வரும்போது காத்து தள்ளிக்கிட்டு வரட்டும். மாத்தி செஞ்சீங்கன்னா, நார்மல் மோடுல செகண்டுக்கு 10 மீட்டர் போற ட்ரோன், 8 மீட்டர் எதிர்க்காத்துல வெறும் 2 மீட்டர்தான் நகரும், 500 மீட்டர் திரும்பி வர 4 நிமிஷத்துக்கு மேல ஆகும், பேட்டரி பாதிலயே அழுதுரும். அப்படி மாட்டிக்கிட்டா ஒடனே கீழ இறக்குங்க, மரத்துக்கு மேல இருந்தா போதும், அங்க காத்து கம்மி, இன்னும் வேகமா போற ஸ்போர்ட் மோடு போட்டு வாங்க. உங்க பக்கம் மாசில காலைல பிரச்சனை இருக்காது. ஆனி ஆடில செங்கோட்டை கணவாய் வழியா வர்ற காத்துல மட்டும் பழக்கமில்லாம எடுக்காதீங்க.

பேட்டரி 30 சதவீதம் வந்தா தரைல இருக்கணும். கம்பெனி 31 நிமிஷம்னு போட்டிருந்தாலும் அது காத்தில்லாத எடத்துல கணக்கு, நீங்க 20 நிமிஷம்னு நெனச்சே ஓட்டுங்க. எறக்குன சூட்டோட சார்ஜ் போடாதீங்க. வாரக்கணக்குல சும்மா வைக்கறதா இருந்தா பாதி சார்ஜ்ல வைங்க, முழுசா ஏத்தி வச்சா நாளடைவுல உப்பிரும்.

சட்டம்: 2021 ட்ரோன் விதிகள் படி 250 கிராம் வரைக்கும் நானோ வகை, அதுக்கு பைலட் சான்றிதழ் கேக்கறதில்லைங்க. உங்களுது 249 கிராம்தான், ஆனா விசிறிய சுத்தி பாதுகாப்பு வளையம் மாட்டுனீங்கன்னா 250 தாண்டிரும், அப்ப வகையே மாறிரும். நானோன்னா எங்க வேணா விடலாம்னும் இல்லைங்க. அரசோட டிஜிட்டல் ஸ்கை வான்வெளி மேப்ல பச்சை, மஞ்சள், சிவப்பு பாத்துட்டுத்தான் போகணும், பச்சைலயும் 400 அடி தாண்டக்கூடாது, கண்ணுக்கு தெரியற தூரத்துலயே வச்சுக்கணும். உங்க மாவட்டத்துல கூடங்குளம், மகேந்திரகிரி இஸ்ரோ, விஜயநாராயணம் கடற்படை நிலையம் பக்கமெல்லாம் ட்ரோன வண்டில இருந்து எடுக்கவே வேணாம். பொதிகை மலை பின்னாடி தெரியற மாதிரி எடுங்க, அழகா இருக்கும், ஆனா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள விட்றாதீங்க.

கடைசியா ஒண்ணு, இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். ஆத்தோரமா பறக்கறப்ப படித்துறைல பொம்பளைங்க குளிச்சுட்டு இருப்பாங்க. நீங்க ஆத்தத்தான் எடுக்கறீங்கன்னு உங்களுக்கு தெரியும், தலைக்கு மேல ரீங்கரிச்சுட்டு நிக்கறத பாக்கறவங்களுக்கு அது தெரியாது. குளிக்கற நேரத்துல அந்தப் பக்கமே போகாதீங்க.


வெயில்நேரம் எழுதியது:

கை பத்தியும் பத்திரம் பத்தியும் சொல்லிட்டாங்க, நான் படம் பத்தி மட்டும் சொல்றேன்.

100 மீட்டர்ல உயிர் இல்லைன்னு நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க ப்ரோ, பாதி வேல முடிஞ்சுது. மேல போகப் போக எல்லாம் ஒரே தட்டையா ஆயிடும், எது கிட்ட எது தூரம்னே தெரியாது. 8ல இருந்து 20 மீட்டருக்குள்ள வாங்க. கிட்ட ஒரு பொருள் வேணும், தூரத்துல ஒரு பொருள் வேணும். ட்ரோன் பக்கவாட்டுல நகரும்போது கிட்ட இருக்குற பனை வேகமா ஓடும், பின்னாடி மலை நகராம நிக்கும், அந்த வித்தியாசம்தான் பாக்குறவனுக்கு நாமளே பறக்குற உணர்வ குடுக்குது. ரயில் ஜன்னல்ல பாத்தது ஞாபகம் வருதா, அதேதான். உங்க ஊர்ல பனையும் இருக்கு பொதிகையும் இருக்கு, வேற என்ன வேணும்.

இருட்டு வெளிச்சம் மாறுறது ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது கேமரா தானாவே வெளிச்சத்த கூட்டி கொறைக்கிறது. ஆட்டோல இருந்து ப்ரோவுக்கு மாத்துங்க, ஐஎஸ்ஓவ (கேமரா வெளிச்சத்த எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்குற அளவு) 100ல பூட்டுங்க, ஷட்டர் வேகத்த நீங்களே வைங்க. நிறத்த சரி பண்ற வொய்ட் பேலன்ஸும் ஆட்டோல விடாதீங்க, வயல்ல இருந்து வானத்துக்கு கேமரா தூக்கும்போது பச்சை நீலம் எல்லாம் நடுவுலயே நிறம் மாறும். வெயில்ல 5500 கெல்வின் பக்கம் வச்சு விட்டுருங்க. வெளிச்சம் பளிச்சுனு இருக்குற எடத்துக்கு பாத்து வைங்க, இருட்டா இருக்குறத எடிட்டிங்ல கொஞ்சம் தூக்கிடலாம், வெளுத்துப் போன வானத்த யாராலயும் திருப்பி கொண்டுவர முடியாது.

ஷட்டருக்கு ஒரு கணக்கு இருக்கு. செகண்டுக்கு 25 ஃப்ரேம் எடுத்தா ஷட்டர் அதுக்கு டபுள், 1/50. அப்பதான் அசைவு கண்ணுக்கு இதமா ஓடும். ஆனா மினி 2ல லென்ஸ் துவாரம் 2.8ல நிலையா இருக்கு, மாத்த முடியாது, உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 100ல சரியான வெளிச்சத்துக்கு ஷட்டர் 1/3200 கிட்ட போயிடும். அதுக்குத்தான் என்டி ஃபில்டர், கேமராவுக்கு கூலிங் கிளாஸ். என்டி 64 போட்டா 3200ஐ 64ஆல வகுக்க வேண்டியதுதான், சரியா 50 வருது. காலைல சாயங்காலம்னா 8 இல்ல 16 போதும்.

நேரம் ரொம்ப முக்கியம். சூரியன் உதிச்சு ஒரு மணி நேரம், மறையுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம். அப்ப வரப்புக்கெல்லாம் நிழல் விழும், வயல் கட்டம் கட்டமா எந்திரிச்சு நிக்கும். அதே வயல 12 மணிக்கு எடுத்தா ஒரு பாய் விரிச்ச மாதிரி கெடக்கும்.


பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு நெனைக்கல. இன்னைக்கே களத்துல சிரட்டை வச்சு பாத்தேன். சதுரம் பரவால்ல, எட்டு வரவே மாட்டேங்கு, நடுவுல வந்ததும் கை நின்னுருது. ஓடுற பக்கமே தள்ளுறது மட்டும் ரெண்டாவது தடவையே புரிஞ்சுட்டு, அண்ணனுக்கு பெரிய கும்புடு.

ரெண்டு சந்தேகம். என்டி ஃபில்டர் கட்டாயம் வாங்கணுமா, கையில காசு கொஞ்சம் இறுக்கமா இருக்கு. அப்புறம் அறுப்பு மெஷின் ஓடும்போது அத சுத்தி வட்டமா வர்ற மாதிரி ஒரு ஷாட் வேணும், ஆப்ல தானா சுத்துற வசதி இருக்கு, அதையே போட்டுக்கலாமா? தேர் பத்தியும் சொல்லுங்க.


கல்யாணகேமரா_மதுரை எழுதியது:

என்டி இப்ப வாங்காத தம்பி. வெயில்நேரம் சொன்ன கணக்கு சரிதான், ஆனா அந்த அசைவு மங்கல் தரைய ஒட்டி வேகமா போகும்போதுதான் கண்ணுக்கு தெரியும். 15 மீட்டர்ல மெதுவா நகர்ற வயல் ஷாட்டுக்கு யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாங்க. அந்த காசுக்கு ஒரு செட் விசிறியும் இன்னொரு நல்ல மெமரி கார்டும் வாங்கி வை. விசிறில நகக்கண் அளவு வெட்டு இருந்தாலும் மாத்திரு, ட்ரோன் அதிர்ந்து படம் ஜெல்லி மாதிரி நெளியும். மாத்தும்போது கோடு போட்ட விசிறி ட்ரோனோட கோடு போட்ட கைக்குத்தான், மாத்தி மாட்டுனா கெளம்பும்போதே கவுந்துரும்.

தானா சுத்துறது நிக்கிற பொருளுக்கு ஓகே. மெஷின் நகந்துக்கிட்டே இருக்கும், வட்டம் நகராது, அதுக்கு பக்கத்துல மரம் இருக்கா கம்பி இருக்கான்னும் பாக்காது. கையாலயே சுத்த பழகு. வலது ஸ்டிக்க இடது பக்கம் கொஞ்சமா தள்ளி அப்படியே புடிச்சுக்கோ, இடது ஸ்டிக்க வலது பக்கம் அத விட கொஞ்சமா தள்ளு. பக்கவாட்டுல போய்க்கிட்டே உள்பக்கமா திரும்பும், அதுதான் வட்டம். பொருள் ஸ்கிரீன் ஓரத்துக்கு நழுவுனா வலது கைய தொடாத, இடது கைய மட்டும் இம்மி கூட்டு, இல்ல கொற. உன் டூவீலர களத்து நடுவுல நிறுத்தி அத சுத்தி ஒரு வாரம் பழகு. முழு வட்டம் வேணாம், கால் வட்டம் சுத்தமா வந்தா போதும், எடிட்டிங்ல அதுக்கு மேல யாரும் வைக்கப் போறதில்ல.

எந்த ஷாட்டா இருந்தாலும் ரெக்கார்ட போட்டுட்டு 5 செகண்ட் அசையாம நில்லு, அப்புறம் நகரு, முடிச்சதும் 5 செகண்ட் நில்லு. ஒரு ஷாட்டுக்கு ஒரே அசைவு. ஏறிக்கிட்டே திரும்பிக்கிட்டே கேமராவையும் சாய்க்கிறதெல்லாம் அடுத்த வருஷம்.


பாளையங்கோட்டை_பருந்து எழுதியது:

நானும் நெல்லைதான். யாரும் பறவைய பத்தி சொல்லல, அதான் வந்தேன். அறுப்பு மெஷின் பின்னாடி கொக்கும் நாரையும் நூறு நூறா வந்து உக்காரும், மேல பருந்து சுத்தும். போன வருஷம் சேரன்மாதேவி பக்கம் எடுக்கும்போது ஒரு செம்பருந்து நேரா ட்ரோன் மேல பாய்ஞ்சுட்டு, நான் பயந்து கீழ எறக்கிட்டேன், அதுதான் தப்பு, அதுக்கு கீழ பாயத்தான் சுளுவு. பருந்து வந்தா ஸ்டிக்க மேல தள்ளி நேரா ஏத்துங்க, செங்குத்தா ஏறுனா பருந்துக்கு பின்னாடியே வர்றது கஷ்டம். அது விலகுனதும் கிளம்பி வந்துருங்க, அன்னைக்கு அந்த எடத்துல மறுபடி விடாதீங்க. கூந்தங்குளம், திருப்புடைமருதூர் மாதிரி பறவை கூடு கட்டுற எடத்துல எப்பவுமே விடாதீங்க, தாய்ப்பறவை பயந்து எந்திரிச்சா முட்டையும் குஞ்சும் வெயில்ல கெடக்கும்.


சர்வேஅக்கா_கோவை எழுதியது:

தேர் பத்தி யாரும் எழுதல, நானே சொல்றேங்க. எடுக்க வேணாம். மூணு மாசக் கை, ஆயிரக்கணக்குல ஜனம், அத்தன பேர் கைல இருக்கற போன் சிக்னல், வீதில குறுக்க கேபிள் டிவி கம்பி, மேளச்சத்தத்துல உங்க ட்ரோன் சத்தமே உங்களுக்கு கேக்காது. ஒரு விசிறி கழண்டாலும் அது யாரோ ஒரு கொழந்த தலைலதான் விழும். திருவிழாவுக்கு போலீஸ் தற்காலிகமா தடை போடறதும் உண்டுங்க, கோயில் நிர்வாகத்துகிட்டயும் ஸ்டேஷன்லயும் கேக்காம எடுக்கவே கூடாது.

ஆசை விடலைன்னா ஒரு வழி இருக்குங்க. தேர் இழுக்கறதுக்கு மொத நாள் விடிகாலைல, அனுமதி வாங்கிட்டு, ஜனம் வர்றதுக்கு முன்னாடி நிக்கற தேர எடுங்க. அலங்காரம் பாதி முடிஞ்சுருக்கும், வீதி வெறிச்சோடி இருக்கும், வெளிச்சமும் நல்லா விழும். அந்தப் படம் யார்கிட்டயும் இருக்காது. பின்னாடி இத தொழிலா, பெரிய ட்ரோன்ல பண்ணணும்னு தோணுச்சுன்னா 18 வயசு, பத்தாம் வகுப்பு பாஸ் இருந்தா போதும், அங்கீகாரம் உள்ள எடத்துல பயிற்சி எடுத்து சான்றிதழ் வாங்கிக்கலாம், 10 வருஷத்துக்கு செல்லும். சென்னை எம்ஐடி வளாகத்துல அண்ணா பல்கலைக்கழகமே பயிற்சி குடுக்கறாங்க.


பொருநைக்கரை எழுதியது:

ஒரு மாசம் கழிச்சு வாரேன். அறுப்பு முடிஞ்சுட்டு.

மூணு வாரம் தினமும் காலைல 6 மணிக்கு களத்துக்கு போனேன், ஒரு பேட்டரி, ரெக்கார்ட் இல்லாம. அந்த எட்டு போடுறது பத்தாவது நாள்தான் வந்துச்சு. அதுவும் எப்படி வந்துச்சுன்னா, ட்ரோன பாக்காம அடுத்த சிரட்டைய பாத்துக்கிட்டே ஓட்டுனேன், தானா வளைஞ்சு போச்சு. பைக்ல வளைவுல போகும்போது ரோட்டு முடிவத்தான பாப்போம், அந்த மாதிரி. பைக்க சுத்தி கால் வட்டம் போடுறது இன்னும் பத்துக்கு ஆறுதான் சரியா வருது.

அறுப்புக்கு முந்தின நாள் அக்கா சொன்ன மாதிரி வயல சுத்தி நடந்து வரைஞ்சேன். 3 பம்புசெட் கம்பி, அதுல ஒண்ணு எனக்கு இத்தன வருஷமா அங்கன இருக்குன்னே தெரியாது, கருவை மரத்துக்குள்ள மறைஞ்சு கெடந்துச்சு. நான் எடுக்க நெனச்ச ஷாட்டு நேரா அதுக்குள்ளதான் போயிருக்கும். தம்பிய பக்கத்துல நிப்பாட்டி வானத்தயே பாக்க சொன்னேன், அவன் ஸ்கிரீன பாக்கவே கூடாதுன்னு. பருந்து ஒரு தடவ வந்துச்சு, அவன்தான் கத்துனான், மேல ஏத்திட்டேன், போயிட்டு.

மொத்தம் 5 ஷாட்டுதான். 12 மீட்டர்ல பனைக்கு பின்னாடி இருந்து பக்கவாட்டுல நகந்து வயல் தெறக்குற மாதிரி ஒண்ணு, மெஷினுக்கு முன்னாடி பின்வாங்கி போற மாதிரி ஒண்ணு, கொக்கு கூட்டம் தூரத்துல இருந்து ஒண்ணு, கால் வட்டம் ஒண்ணு, கடைசில கேமராவ நேரா கீழ பாக்க வச்சு வாய்க்கால் மேல மெதுவா ஒரு ஷாட். ஐஎஸ்ஓ, ஷட்டர், வொய்ட் பேலன்ஸ் எல்லாம் பூட்டிட்டேன், வெளிச்சமும் நிறமும் மாறவே இல்ல. என்டி வாங்கல.

அன்னைக்கு ராத்திரி தாத்தாவுக்கு டிவில போட்டேன். மொத நாலும் சும்மா பாத்துக்கிட்டு இருந்தாரு, மெஷின பாத்துட்டு சத்தம் ஜாஸ்தியோன்னு மட்டும் கேட்டாரு. அஞ்சாவதுல வாய்க்கால் வந்ததும் கைய காட்டி நிப்பாட்ட சொன்னாரு. நிப்பாட்டுனேன். எந்திரிச்சு சுவர புடிச்சுக்கிட்டு டிவி கிட்ட வந்து, மேல இருந்து மூணாவது மடைய விரலால தொட்டு, "இத யாரு கிழக்க தள்ளி வச்சா"ன்னு கேட்டாரு. போன வருஷம் அப்பா மாத்துனது, தாத்தாகிட்ட சொல்லல. அப்பா பக்கத்துலதான் உக்காந்துருந்தாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் 11 மணி வரைக்கும் அந்த ஒரு ஷாட்ட திரும்பத் திரும்ப போட சொல்லி, தண்ணி எங்கருந்து எங்க பாயுது, எங்க வரப்பு கரைஞ்சுருக்குன்னு பேசிக்கிட்டே இருந்தாங்க.

அடுத்து கார் பருவ நெல்லுக்கு நாத்து நடும்போதும் எடுக்க சொல்லியிருக்காரு. அப்ப காத்து சீசன் ஆச்சே, என்ன செய்யலாம்?


சர்வேஅக்கா_கோவை எழுதியது:

படிக்கறப்ப ரொம்ப சந்தோசமா இருந்துச்சுங்க. கார் நடவுக்கு விடிஞ்சதும் 6ல இருந்து 7 மணிக்குள்ள பாருங்க, காத்து அப்பத்தான் அடங்கியிருக்கும், மரத்து உயரம் தாண்டாதீங்க, 100 மீட்டர் தூரத்துக்குள்ளயே வச்சுக்கோங்க. தாத்தாவுக்கு அந்த நேர் கீழ் ஷாட்டுதான் வேணும்னா அதுக்கு அவ்வளவு தூரமே போதும். வயல்ல தண்ணி நிக்கும், அதனால 3 மீட்டருக்கு கீழ எறக்காதீங்க, தண்ணி மேல கீழ் சென்சார் ஏமாந்துரும்.